நங்கூரம் என்று ஒரு பிள்ளை

ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன். குரும்பகரத்திலிருந்து காரைக்கால் வருகிற பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் அவள் நாத்தனார். மறுநாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டிய அத்தை அவள்தான்.

“நங்கூரமா? ஏன் புள்ள, வேற பேரே கெடைக்கலயா?”

“கெடைச்சுது அண்ணி. எனக்கு இதான் வேணும்.”

“எந்தம்பி என்னா சொன்னான்?”

“துபாயிலேருந்து போன்ல சிரிச்சாங்க. அக்கா காதுல சொன்னா சரிதான்னுட்டாங்க.”

“என் தலையில கட்டிட்டானா? பள்ளிக்கூடத்துல புள்ளைய ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவாங்களே.”

“ஓட்டட்டும். எங்கப்பா சவுதி, எங்கண்ணன் குவைத்து, இவங்க துபாய். இவனாவது எங்கயும் போவாம எங்கூட இருக்கணும் அண்ணி.”

நாத்தனார் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“ரெண்டே வருசம்னு சொல்லிட்டுதான் எங்க வூட்டுக்காரரும் போனாரு. பதினோரு வருசம் ஆவுது. புள்ளைய இப்படிக் குடு.”

வாங்கி, காதருகே குனிந்து சொல்லிப் பார்த்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“நாளைக்கு நான் சொல்றப்ப எம்மூஞ்சியப் பாக்காத. பாத்தா சிரிச்சிடுவேன்.”

“சரி அண்ணி.”

நான் இறங்கும்போது நங்கூரம் அத்தை மடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.