குடிக்காத கள்ளு

மதுவிலக்கு இருந்த காலம். கம்பத்திலிருந்து தேனிக்கு வந்த பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எனக்குப் பிடிச்ச கள்ளு, நான் குடிக்காத கள்ளுதான் மாப்பிள,” என்றார் ஜன்னலோரம் இருந்த பெரியவர்.

“நீங்க குடிக்காத கள்ளும் உலகத்துல இருக்கா மச்சான்?” என்றார் இளையவர்.

“எங்கய்யா சாகக் கெடந்தப்ப ஒரு வாய் கள்ளு கேட்டாக. மலைக்கு மேல கேரளாவுல, குமுளியில வாங்கி, பாட்டில்ல தக்கைய இறுக்கி அடைச்சுக் கொண்டாந்தேன். மலை எறங்கையில பொங்கி வெடிச்சிருச்சு. பஸ்ஸே நாறுச்சு. செக்போஸ்ட்ல என்னையப் பிடிச்சு, விடியறப்பத்தான் விட்டாக.”

“அப்புறம்?”

“மறுநா எம் பொண்டாட்டி போனா.”

“அக்காவா? கள்ளு வாடை வந்தா உங்களுக்குச் சோறே போடாதே அது!”

“அவளேதான். தூக்குச்சட்டிய மூடாம, சட்டி வாயில துணியக் கட்டி மடியில வச்சுக்கிட்டு வந்தா. செக்போஸ்ட்ல கேட்டதுக்கு, ‘எங்க மாமாவுக்குக் கடைசிக் கள்ளு. அவுக குடிச்சப்புறம் வந்து என்னையப் புடிங்க’ன்னாளாம். விட்டுட்டாக.”

“மாமா குடிச்சாகளா?”

“ரெண்டு மடக்கு. ‘காலையில எறக்குன கள்ளு, ஆத்தா’ன்னு அவ கையப் புடிச்சுக்கிட்டாக.”

“மிச்சம் உங்களுக்கா?”

“எங்க! அய்யாவப் பாக்க வந்த சனத்துக்கு ஆப்பம் சுடணும்னு, மாவு புளிச்சுப் பொங்க அதுல ஊத்திட்டா.”

இளையவர் சத்தமாகச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

“அந்த ஆப்பத்தத் தின்ன பெறகு எனக்கு எந்தக் கள்ளும் ருசிக்கல மாப்பிள.”