கும்பிடு பொம்மை

— நோ, குளோரியா. விளக்கமெல்லாம் அப்புறம். ரூட்ஸ் ஃபைலைத் திற, எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு வரி சேர், லைவ்ல ஏத்து. என் நம்பர்லருந்து லிஃப்ட் கம்ப்ளைண்ட் வந்தா நேரா டெக்னிஷியன் ஃபோனுக்குப் போகணும். சிம்பிள்.

— கோதண்டராமன் சார், என்ன திடீர்னு உங்க நம்பர்? நம்ம ஆப் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க டெமோ குடுக்கத்தானே ஹெண்ணூர் அபார்ட்மென்ட்டுக்குப் போனீங்க?

— டெமோ கொடுக்கத்தான் வந்தேன். லிஃப்ட்ல மாட்டிண்டேன். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவுல நிக்கறது. போதுமா?

— அய்யோ! உள்ள அலாரம் பட்டன் இருக்குமே சார், அழுத்துனீங்களா?

— அது எங்க கண்ணு அடிக்குது? அது எப்பவோ செத்துப் போச்சு.

— சார், யாரு அது பேசறது?

— ஹவுஸ்கீப்பிங் லேடி. அவங்களும் உள்ள மாட்டிண்டிருக்காங்க. கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கு, அந்த இடுக்குலதான் சிக்னல் வர்றது. ஃபோனை அங்க சொருகி ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— லேடி இல்ல கண்ணு, எம் பேரு அன்னம்மாள். நீ பயப்படாத. சாருக்குத்தான் வேர்த்து ஊத்துது. எனக்கு இந்தப் பொட்டி பழக்கந்தான்.

— சரிம்மா. சார், நம்ம ஆப்லயே கம்ப்ளைண்ட் போட்டா டெக்னிஷியனுக்கு உடனே அடிக்குமே. போடலையா?

— போட்டேன்.

— போட்டு?

— பொம்மை வந்துச்சு கண்ணு. ரெண்டு கையும் கூப்பி, “உங்கள் புகாருக்கு நன்றி”ன்னு கும்புடு போடுமே, அந்தப் பொம்மை. எனக்கும் வந்துச்சு, சாருக்கும் வந்துச்சு. எப்பவும் அதான் வரும். அதுக்கப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க.

— எப்பவுமா? அந்த நன்றிப் பக்கம் வந்தாலே டெக்னிஷியனுக்கும் போயிருக்கணும்மா. இருங்க, ஃபைலைத் திறந்து பாக்கறேன்.

— திறந்தா நான் சொன்ன வரியை மட்டும் சேர். மத்ததை நோண்டாதே.

— சார், மேல இது என்ன வரி? இதை நான் எழுதலையே.

— குளோரியா…

— “ஸ்டாஃப்”னு ஆரம்பிக்கற எந்த ரிக்வெஸ்ட் வந்தாலும் நன்றிப் பக்கத்துக்கு. அவ்ளோதான், வேற எங்கயும் இல்ல. டெக்னிஷியனுக்கு அனுப்பற வரி இதுக்குக் கீழ சும்மா கெடக்கு. யாரு சார் இதைக் கொண்டாந்து மேல வெச்சது?

— நான்தான். அசோசியேஷன் செக்ரட்டரி கேட்டார். வேலைக்காரங்க கம்ப்ளைண்ட் ரொம்ப வர்றது, கமிட்டில எல்லார் ஃபோனும் அடிச்சிண்டே இருக்கு, நிறுத்துங்கோன்னார். கிளையண்ட் கேட்டா செஞ்சுதான் ஆகணும்.

— நீங்க நிறுத்தலையே சார். நிறுத்தியிருந்தா அவங்க வேற வழி பாத்திருப்பாங்க. நீங்க வாங்கிக்கற மாதிரி வாங்கி, கும்பிடும் போட்டு, குப்பையில போட்டிருக்கீங்க.

— ஏங்கண்ணு, ரூட்டுன்றீங்க, வரின்றீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் அனுப்புனதெல்லாம் எங்கதான் போச்சு?

— அம்மா, உங்க கேட்ல செக்யூரிட்டி இருக்காரு இல்ல? யாரு வந்தா எங்க அனுப்பணும்னு அவர் கையில ஒரு தாள் குடுத்திருக்காங்கன்னு வெச்சுக்கங்க. ஆள் வந்ததும் மேலருந்து படிச்சுக்கிட்டே வருவாரு. எந்த வரி மொதல்ல பொருந்துதோ அந்த எடத்துக்கு அனுப்பிடுவாரு. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்கவே மாட்டாரு. எங்க சர்வரும் அப்படித்தான். சார் போட்ட மொத வரி என்ன சொல்லுதுன்னா, வேலை செய்யறவங்க யாரு வந்தாலும் கும்பிடு போட்டு வாசலோட அனுப்பிடு.

— அட, இங்க நெஜ கேட்லயும் அதான கண்ணு நடக்குது. கும்புடு மட்டுந்தான் கெடையாது.

— சார், நீங்க கம்பெனி முதலாளி. உங்க கம்ப்ளைண்ட் எப்படி ஸ்டாஃப் பக்கம் போச்சு?

— கையில ப்ரொஜெக்டர் பெட்டி இருந்துதா, கேட்ல “வெண்டர்”னு என்ட்ரி போட்டுட்டான். வெண்டருக்கு சர்வீஸ் லிஃப்ட்தானாம். நம்ம ஆப்ல வெண்டரும் ஸ்டாஃபோடதான் சேருவான். அதையும் நான்தான் அப்படி வெச்சேன். சந்தோஷமா? இப்ப என் நம்பரை அதுக்கு மேல போடு.

— செக்ரட்டரிக்கே ஒரு ஃபோன் போடுங்க சார். அடுத்த நிமிஷம் ஆள் அனுப்புவாரு.

— விளையாடறியா? மேல ஹால்ல கமிட்டி மொத்தமும் காத்துண்டிருக்கு. நம்ம ஆப் இருந்தா லிஃப்ட்ல மாட்டினவாளை உடனே வந்து எடுப்பான்னு நான் பேசப்போறேன். அந்த நானே மாட்டிண்டேன், வந்து தூக்கிவிடுங்கோன்னு சொல்லவா? செக்ரட்டரி வாயால நல்லதா நாலு வார்த்தை சொன்னாத்தான் அடுத்த அபார்ட்மென்ட்காரன் நம்மளை உள்ளயே விடுவான். மானம் போயிடும்.

— அம்மா, உங்க சூப்பர்வைசரைக் கூப்ட்டுப் பாத்தீங்களா?

— கூப்டாம இருப்பனா? “ஆப்ல போடும்மா”ன்னு சொல்லி வெச்சிட்டான்.

— டெக்னிஷியன் நம்பர்?

— நாகேஷ்னு ஒருத்தன் புச்சா வந்துகீறான். கீழ பேஸ்மென்ட்லதான் குந்தினு இருப்பான். ஆனா நம்பரு யாருக்கும் குடுக்கக்கூடாதாம். எல்லாமே ஆப்புலதானாம்.

— பாத்தியா, அவங்களுக்கே தெரியறது. ஒரே ஒரு வரி, குளோரியா. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை.

— உங்க நம்பருக்கு மட்டும் வரி எழுத மாட்டேன் சார்.

— வாட்?

— எழுத மாட்டேன்னு சொல்றேன். மேல இருக்கற வரியை எடுத்துடறேன். அது போனாலே போதும், உங்களுக்கும் வழி கெடைக்கும், அம்மாவுக்கும் கெடைக்கும்.

— அதைத் தொடாதே! அதை எடுத்தா ஒவ்வொரு கம்ப்ளைண்ட்டும் கமிட்டிக்காரா ஃபோன்ல அடிக்கும். அதுவும் இன்னிக்கு, நான் பேசப்போற நேரத்துல!

— அடிக்கட்டும். அதுக்குத்தானே சார் ஆப் பண்ணோம்.

— கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா? போன மாசம் லட்சுமம்மா போட்டாளே, அதுவும் இந்தப் பொம்மைகிட்டதான் போச்சா?

— யாரும்மா லட்சுமம்மா?

— எங்கூட வேலை செஞ்சவ. கன்னடக்காரி, தமிழும் நல்லாப் பேசுவா. இந்தக் கதவு சரியா நிக்க மாட்டேங்குது, படார்னு வந்து அடிக்குதுன்னு ஆப்ல போட்டா. பொம்மை வந்துச்சு. அடுத்த வாரமே இதே கதவுல கை மாட்டி ரெண்டு வெரல் போச்சு. எல்லாரும் போயி செக்ரட்டரி முன்னாடி நின்னோம். “புகாரே வரலியே, அந்தம்மா பாத்து ஏறலன்னா நாங்க என்ன பண்றது”ன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவள வேலைக்கும் கூப்புடல. நாங்களும் என்னா பண்ணோம் தெரியுமா? நீதான்டி சரியா அழுத்தலன்னு அவளையே திட்டினோம். கையில கட்டோட நின்னவள நிக்க வெச்சித் திட்டினோம் கண்ணு.

— அம்மா, இருங்க, தேடறேன். சர்வருக்கு என்ன வந்தாலும் அதுக்கு ஒரு தடம் இருக்கும்.

— குளோரியா, இதெல்லாம் இப்ப தேவையா?

— இருக்கும்மா. லட்சுமம்மா, சர்வீஸ் லிஃப்ட், கதவு. வந்திருக்கு. அவங்க சரியாத்தான் அழுத்தியிருக்காங்க. வந்து, மொத வரியில பொருந்தி, நன்றி வாங்கிட்டுப் போயிருக்கு.

— சரியாத்தான் அழுத்தினாளா…

— சரியாத்தான்மா.

— எனக்கு இது தெரியாது. இங்க பாரு குளோரியா, சத்தியமா எனக்கு இந்த விஷயம் தெரியாது.

— தெரியாம இருக்கறதுக்குத்தானே சார் அந்த வரியைப் போட்டீங்க.

— சரி, வருத்தமான விஷயம்தான், ஒத்துக்கறேன். வெளிய வந்தப்புறம் உக்காந்து பேசலாம். இப்ப என் நம்பரைப் போடு. இல்லேன்னா நாளைலருந்து ஆபீஸுக்கு வராதே.

— வராதேன்னா வரல. எனக்குக் கஷ்டம்தான் சார், இல்லேன்னு சொல்லல. தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் நான்தான் கட்டறேன். இருந்தாலும் எழுத மாட்டேன். அன்னம்மாவும் நீங்களும் ஒரே லிஃப்ட்ல நிக்கறீங்க. உங்களை மட்டும் வெளிய எடுக்கறதுக்கு ஒரு வரியை என் கை எழுதாது.

— திமிர்!

— ஆமா சார், திமிர்தான்.

— வுடாத கண்ணு. எனக்கோசரம் நீ அவசரப்படாத. சாயங்காலம் வரைக்கும் வேணாலும் குந்தினு இருப்பேன். தண்ணி பாட்டிலு இருக்குது. சார், நீங்களும் இப்பிடி குந்துங்க. நின்னுகினே கத்துனா தலை சுத்தும்.

— எனக்கு உக்கார வேண்டாம்! குளோரியா? ஹலோ? என்ன சத்தத்தையே காணும்? லைன்ல இருக்கியா?

— இருக்கேன் சார். ஏத்திட்டேன்.

— ஏத்திட்டியா? குட். இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே. வீண் பேச்சு. சரி, ஃபோனை இடுக்குலருந்து எடுத்து இன்னொரு தடவை அழுத்தறேன்.

— எடுக்காதீங்க சார், லைன் போயிடும். அம்மா, உங்க ஃபோன் கையில இருக்கா?

— கீது கண்ணு.

— அந்த இடுக்குகிட்ட வெச்சு லிஃப்ட் கம்ப்ளைண்ட்டை இன்னொரு தடவ அழுத்துங்க.

— அவங்க எதுக்கு அழுத்தணும்? என் நம்பர்தானே போட்டிருக்கே?

— அழுத்திட்டேன். சுத்துது, சுத்துது… அடியாத்தா! பொம்மை வரல கண்ணு! “டெக்னிஷியன் வந்துகொண்டிருக்கிறார்”னு வருது! நாகேஷ் படம் போட்டு வருது!

— குளோரியா, நீ என்ன பண்ணே?

— மொத வரியை எடுத்துட்டேன் சார். உங்களுக்குன்னு எதுவும் எழுதல. யார் எடுத்தது, எதுக்காக எடுத்ததுன்னு என் பேர் போட்டு எழுதியும் வெச்சுட்டேன். நம்ம டீம் பூரா பாத்திருக்கும்.

— ஹால்ல எல்லார் ஃபோனும் அடிச்சிருக்குமே!

— அடிச்சிருக்கும்.

— வெளிய வந்த உடனே அதைத் திரும்ப மேல போடறேன். உன் கண் முன்னாடி போடறேன்.

— போடுங்க சார். உங்க கையாலயே போடுங்க. போட்டுட்டு, எதுக்குப் போட்டீங்கன்னு லட்சுமம்மா வீட்டுக்குப் போயி நீங்களே சொல்லிட்டு வாங்க.

— அன்னம்மா! அன்னம்மா, பயபடபேடி, பயப்படாதீங்க! நான் நாகேஷ். கதவுகிட்ட கை வெக்காதீங்க, தள்ளி நில்லுங்க, கம்பி போட்டுத் தெறக்கறேன்.

— வந்துட்டான்! கண்ணு, அஞ்சே நிமிஷத்துல ஆளு வந்துட்டான்!

— ஹலோ, நாகேஷ்! நான் கோதண்டராமன். இந்த ஆப் கம்பெனி ஃபவுண்டர். மொதல்ல என்னை எடு, எனக்கு மீட்டிங் இருக்கு.

— யாரு சார் நீங்க? எனக்கு வந்த கம்ப்ளைண்ட்ல ஒரே பேருதான் இருக்கு, அன்னம்மாள்னு. மேல மீட்டிங்ல எல்லார் ஃபோன்லயும் அதே பேருதான் அடிச்சுதாம், செக்ரட்டரி சார் வேற பத்தாவது மாடியில வந்து நிக்கறாரு. அன்னம்மா, உள்ள யாரு இவரு?

— எங்கூட வந்தவருப்பா, பாவம், அவரையும் எறக்கி வுடு. செக்ரட்டரிய அங்கயே நிக்கச் சொல்லு, மீட்டிங்குக்கு இப்ப நான் சாரு கூட வர்றேன்.