கோர்ட்டு கலையற வரைக்கும்

— முடியாதுங்க மேடம். செய்யாத தப்ப செஞ்சேன்னு எந்த வாயால சொல்றது?

— கத்தாதீங்கண்ணே, இது வராண்டா. உள்ள ஜட்ஜ் உட்கார்ந்திருக்காரு. கேளுங்க, உங்க வக்கீல் நான் சொல்றத ஒரு தடவையாவது முழுசா கேளுங்க.

— கேட்டேனே. கடத்தல் கேஸ விட்டுடுவாங்க, நான் வேற எதையோ ஒத்துக்கணும். அதானே?

— வேற எதையோ இல்ல. ஒரு ஆள போக விடாம நிறுத்தி வச்சாருன்னு ஒரு சின்ன பிரிவு. கேளுங்க, இந்தக் கோர்ட்டுல கடத்தல் கேஸு முக்காவாசி இப்படித்தான் முடியும். ஒண்ணு, பொண்ணு வந்து 'நானாத்தான் போனேன்'னு ஒரு வார்த்த சொல்லும், கேஸு புஸ்ஸுன்னு போயிடும். இல்ல, ரெண்டு வீடும் சமாதானமாயி, சாட்சிங்க எல்லாம் 'ஞாபகம் இல்லீங்க'ன்னு கைய விரிச்சுடுவாங்க. அதுவும் இல்லேன்னா, பெருசக் குறைச்சு சின்னதாக்கி ஒத்துக்கச் சொல்லுவாங்க. முழுசா விசாரிச்சு தீர்ப்பு எழுதறதெல்லாம் அத்தி பூத்த மாதிரி.

— அப்ப மொத வழியிலயே போலாமே. அந்தப் பொண்ணு அந்த ஒரு வார்த்தைய சொன்னா போதும்ல?

— அது வேற வார்த்த சொல்லிடுச்சேண்ணே. 'அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு வேன் அங்கிள் சொன்னாரு, நம்பி ஏறினேன்'னு சொல்லியிருக்கு. அழுதுக்கிட்டே சொல்லியிருக்கு.

— அதத்தான் மேடம் தாங்க முடியல. யூகேஜியிலேர்ந்து என் வேன்ல ஸ்கூலுக்குப் போன புள்ள. முன்சீட்டு குடுக்கலேன்னா தெருவையே கூட்டும். தூங்கிடுச்சுன்னா வீட்டு வாசல்ல எறங்கி நானே தூக்கிட்டுப் போயி அவங்கம்மா கையில குடுப்பேன். இப்ப காலேஜுக்குப் போறா, எதிர்ல பார்த்தா இன்னும் வேன் அங்கிள்தான். அந்த வாயா இப்படிச் சொல்லிச்சு? அட விடுங்க. அவங்கப்பா மெரட்டியிருப்பாரு. பணக்கார வீடு, கேக்கணுமா?

— மெரட்டினாரோ இல்லியோ, சொன்னது சொன்னதுதான்.

— என் தம்பி இருக்கான்ல மேடம்? அவன் இன்னைக்குக் கூண்டேறி உள்ளத சொல்லிடுவான். 'அண்ணா, அவள ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல பெட்ரோல் பங்குக்குக் கூட்டிட்டு வந்துடு, நான் அங்க வந்துடறேன், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கறோம்'னு கேட்டது அவன். ஓட்டினது நான். இவன் வர்றதுக்குள்ள அவங்கப்பா போலீஸோட பங்குக்கு வந்து நின்னுட்டாரு. அவ்ளோதான். இதுல கடத்தல் எங்கேர்ந்து வந்துச்சு?

— அண்ணே, உங்க தம்பி போலீஸ் தரப்பு சாட்சி. இத நான் ரெண்டு தடவ சொல்லிட்டேன். நீங்க காதுலயே வாங்க மாட்டேங்கறீங்க.

— அட விடுங்க மேடம். போலீஸு யாரைத்தான் எழுதிக்கல? பங்குல காத்தடிக்கறவனக் கூட எழுதிக்கிட்டாங்க. எந்தப் பக்கம் நின்னு பேசினாலும் அது என் தம்பி வாயி. அம்மா போனப்புறம் நான் சோறு ஊட்டின வாயி.

— சரி. அதோ அவரே வர்றாரு. நீங்களே கேட்டுக்கோங்க.

— வாடா. என்னடா, புதுச் சட்டை எல்லாம்? சாப்பிட்டியா?

— ஆச்சுண்ணா. மேடம், எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?

— சொன்னேன் தம்பி. முடியாதுங்கறாரு.

— அண்ணா, ஒத்துக்கோண்ணா.

— என்னது?

— ஒத்துக்கோ. ஜெயிலெல்லாம் இல்ல. கோர்ட்டு கலையற வரைக்கும் உள்ள உட்கார வச்சு அனுப்பிடுவாங்களாம்.

— டேய், நான் உன்னை நம்பி வந்திருக்கேன்டா! நீ உள்ள போயி ரெண்டு நிமிஷம் உண்மைய சொன்னா, நான் தலை நிமிந்து வெளிய வருவேன். குத்தவாளின்னு ஒரு தடவ பேரு விழுந்தா போச்சு. எவன்டா என் வேன்ல புள்ளைய ஏத்துவான்? எனக்கு ஸ்டியரிங் புடிக்கறதத் தவிர என்ன தெரியும்?

— புரிஞ்சுக்கண்ணா. அவளா வந்தான்னு நான் கூண்டுல சொன்னா, அவ மானம் போயிடும். அவங்க வீட்டுல யாரும் வெளிய தலை காட்ட முடியாது.

— அவ மானம் பெருசு, என் மானம் ரோட்டுல கெடக்கறதா?

— அப்படி இல்லண்ணா. நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல. சந்தர்ப்பம் பார்த்து சொல்லலாம்னு இருந்தேன். அவங்கப்பா சம்மதிச்சுட்டாரு.

— எதுக்கு?

— எங்க கல்யாணத்துக்கு.

— டேய்! நெஜமாவா? அந்த மனுஷனா? அவரு வீட்டு கேட்டுக்கு உள்ள என்னை ஒரு நாளும் விட்டதில்லடா. ஹாரன் அடிச்சா அவங்க வீட்டு ஆளுதான் வரும்.

— சத்தியமாண்ணா. ஆனா இந்தக் கேஸு முடியணும். அவ சொன்னது சொன்னபடி நிக்கணும். இல்லேன்னா எல்லாம் போச்சு.

— அண்ணே, கேளுங்க. நான் ஒரு வார்த்த சொல்லிடறேன். தம்பி சாட்சிய நான் குறுக்கு விசாரணை பண்ண முடியும். கஷ்டம்தான், ஆனா ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. ஒத்துக்கிட்டீங்கன்னா, ஒத்துக்கிட்டதுதான். அப்புறம் கையப் பிசைஞ்சு புண்ணியமில்ல.

— குறுக்கு விசாரணைன்னா? என் தம்பிய கூண்டுல நிக்க வச்சு, பொய் சொல்றான்னு நீங்க கேப்பீங்களா?

— கேக்கத்தானே வேணும்.

— வேணாம் மேடம். அட விடுங்க. வேன வித்துட்டு லாரிக்குப் போறேன். லாரியில ஏறுற மூட்டை, ஓட்டறவன் யோக்கியனான்னு கேக்காது. வேன் அங்கிள்னு கூப்பிட்ட புள்ள, என்னை மாமான்னு கூப்பிட்டு நம்ம வீட்டுல வெளக்கேத்தப் போறா. அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு பெருசா?

— யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

— யோசிச்சா சொல்ல முடியாது மேடம். கூப்பிடறாங்க பாருங்க. வாங்க, போலாம்.

✦

— இந்தக் கடைசி பெஞ்சுதான்ணே. ஜட்ஜ் எழுந்து போற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கணும். அதுதான் உங்க தண்டனை. முடிஞ்சுது. மெதுவா பேசுங்க, அடுத்த கேஸு நடக்குது.

— குத்தத்த ஒத்துக்கறியான்னு ஜட்ஜ் கேட்டப்ப மேடம், நீங்க தோளத் தொடலேன்னா வாயே தொறந்திருக்காது. டேய், ஏன்டா நிக்கற? இப்படி உட்காரு. தேதி குறிச்சாச்சா?

— பார்த்துக்கிட்டு இருக்காங்கண்ணா.

— மாப்ள காரு நான்தான் ஓட்டுவேன், சொல்லிட்டேன். ஊர் என்ன வேணா பேசட்டும்.

— அண்ணா... அது வந்து... நீ கல்யாணத்துக்கு வராம இருந்தா தேவலன்னு அவங்க வீட்டுல நெனைக்கறாங்க.

— அவங்க நெனைக்கறது இருக்கட்டும். நீ என்ன நெனைக்கற?

— புரிஞ்சுக்கண்ணா.

— எத்தன தடவடா புரிஞ்சுக்கறது? உனக்காக இப்பத்தான் எல்லாரு முன்னாடியும் குத்தவாளின்னு நின்னுட்டு வந்திருக்கேன். சூடு கூட ஆறல. அதுக்குள்ள வராதங்கற.

— தம்பி, கேளுங்க. எனக்கு ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. பொண்ணக் கடத்தினவருன்னு நம்பற ஒரு மனுஷனோட தம்பிக்கு, எந்த அப்பா பொண்ணு குடுப்பாரு?

— அவரு என்னை அப்படிப் பார்க்கல மேடம்.

— வேற எப்படிப் பார்க்கறாரு?

— பொண்ண மீட்டுக் குடுத்தவன்னு பார்க்கறாரு. கூடப் பொறந்தவன்னு கூடப் பார்க்காம, நியாயத்துக்கு நின்னவன்னு.

— மீட்டியா? எங்கேர்ந்துடா மீட்ட? பங்குல என் பக்கத்துல உட்கார்ந்து, கிரீம் பிஸ்கட்டு தின்னுக்கிட்டு, நீ எப்ப வருவ எப்ப வருவன்னு கேட்டுக்கிட்டு இருந்தவளயா?

— வேன் அங்க நிக்குதுன்னு அவருக்கு போன் பண்ணினது நான்தான்ணா.

— நீயா?

— அண்ணே, உட்காருங்க. எந்திரிக்காதீங்க. ஜட்ஜ் பார்க்கறாரு.

— நீயாடா பண்ண? பயந்துட்டியா? கடைசி நேரத்துல அவங்கப்பாவ நெனைச்சு கை கால் ஓடாம போன் பண்ணிட்டியா? அப்படின்னா சொல்லிடு. பயத்துல பண்ணியிருந்தா, சத்தியமா இந்த நிமிஷமே மறந்துடறேன்.

— பயந்தெல்லாம் பண்ணலண்ணா.

— அப்புறம் எதுக்குடா அவள கூட்டிட்டு வரச் சொல்லி என் கையப் புடிச்சுக் கெஞ்சின?

— வேன் ஓட்டறவன் தம்பி, நேரா போயி கேட்டா குடுக்கற எடமாண்ணா அது? அவளும் நானும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணினோம். நீ கடத்தினாத்தானேண்ணா நான் காப்பாத்த முடியும்?