உலை முன்னால் குளிர்

சித்திரை வெயில். ஓசூரிலிருந்து சூளகிரி போகும் பஸ்ஸில் கையில் கிடைத்ததை வைத்து எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் மத்தியான ஷிப்ட்டுக்குப் போகிற இரண்டு பேர். இளையவன்தான் ஆரம்பித்தான்.

“அண்ணா, ஃபர்னஸ் முன்னாடி நிக்கறப்ப எனக்குக் குளிருது.”

“என்னடா ஒளர்ற? இரும்பு உருகற எடத்துல குளிருதா?”

“நெஜமாத்தாங்கண்ணா. ஒடம்புச் சூடு ஆகாதுன்னு தினமும் எண்ணெய் தேச்சுக் குளிச்சேன். வெந்தயம், மோரு, பழைய சோறு, இதுதான் சாப்பாடே.”

“வாரம் ஒருக்கா தேச்சாப் போதும்டா. சூட்டைத் தணிக்கணும், ஒரேயடியா எறக்கிடக் கூடாது. அது இருந்தாத்தான் ஒடம்புல தெம்பு.”

“எனக்கு எறங்கிருச்சுங்களாண்ணா? நேத்துலேர்ந்து வேர்க்கவே இல்ல.”

பெரியவர் அவன் கையைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டார்.

“டேய், கொதிக்குதுடா! வேலைக்குப் போகாத. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இன்னிக்கு லீவு போட்டா பர்மனென்ட் பண்ண மாட்டாங்கண்ணா.”

கம்பெனி ஸ்டாப்பில் பஸ் நின்றது. பெரியவர் கூப்பிடக் கூப்பிட அவன் இறங்கினான். அந்த வெயிலில் கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டே கேட்டுக்குள் போனான்.