சங்கக் கூட்டத்தில செபம்

…அதில்லைத் தங்கச்சி, கும்பிடுறதுக்கு நான் எதிரியோ? சங்கக் கூட்டத்தில என்னத்துக்கு எண்டுதான் கேக்கிறன். எல்லாம் எங்கட மனிசன் ஒட்டாவா போய் வந்ததால வந்தது. அவர்தானே செயின்ட்-மிஷேல் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர், கணேசலிங்கம். பார்லிமென்ட் பாக்கப் போனவரை வெளியில நிப்பாட்டிப் போட்டாங்கள். உள்ளுக்குச் செபம் நடக்குதாம், முடிஞ்சாப் பிறகுதான் சனத்தை விடுவாங்களாம். மனிசன் அதில ஒரு சொல்லும் கேக்கேல்லை. ஆனா வந்து நிண்டார், நாடாளுறவையே கும்பிட்டுத்தான் துவங்கினம், நாங்களும் அப்பிடித்தான் எண்டு.

முதல் கூட்டத்தில இவர் தேவாரம் படிச்சார். மட்டக்களப்பு நீக்கிலாப்பிள்ளை அண்ணை வேதக்காரர், அவர் எழும்பி, அப்ப எங்கட செபமும் சொல்லவேணும் எண்டார். இவர் விடுவாரே? அடுத்த சனிக்கிழமை ரெண்டு தேவாரம். அவர் முழுச் செபமாலை. ஹோல் பூட்டிற ஆள் திறப்போட வந்து "பொன்சுவார்" எண்டு பிரெஞ்சில இரவு வணக்கம் சொன்னான். துவங்காத கூட்டம் முடிஞ்சுது.

பாவம் றோசா. கைக்குழந்தையோட வாறவ. அவவின்ர அப்பார்ட்மென்டில ஹீட்டர் வேலை செய்யேல்லை, மாசிக் குளிர். வீட்டுச் சொந்தக்காரனோட கதைக்க நாலு பேர் வாங்கோ எண்டு கேக்கத்தான் ஒவ்வொரு கிழமையும் வந்து குந்தியிருந்தவ. ஆர் கேட்டது?

பேந்து ஆரோ சொல்லிச்சினம், கியூபெக் சட்டசபையில செபத்தை எப்பவோ விட்டிட்டினம், எழும்பிச் சும்மா கொஞ்ச நேரம் நிப்பினமாம் எண்டு. ஒருத்தருக்கும் தோல்வியில்லை எண்டபடியா ரெண்டு பேரும் ஓமெண்டிட்டினம். எழும்பிக் கண்ணை மூடினம்.

அந்த நேரம் பாத்து றோசா வாயைத் திறந்தா. "என்ர பிள்ளை கோட்டோட படுக்குது. ஆராவது வாங்கோ."

மௌனத்தில கதைக்கலாமோ, சொல்லுங்கோ. மறிக்கவும் ஏலாது, மறிக்கிறதெண்டா நாங்களும் கதைக்கவேணும். நீக்கிலாப்பிள்ளை அண்ணை பேசாமல் ஜக்கெட்டைப் போட்டார். இவரும் போட்டார். முழுச் சங்கமும் வீட்டுக்காரன்ர வாசலில போய் நிண்டுது. அடுத்த நாளே ஹீட்டர் சூடாயிட்டுது.

நல்லதுதான், நான் இல்லையெண்டேல்லை. ஆனா ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கெல்லே. இப்ப மௌனமெண்டு எழும்பினா, ஒருத்தர் கூரை ஒழுகுது எண்டுறார், ஒருத்தி பிள்ளையை விடக் கார்டெரியில இடமில்லை எண்டுறா. போன கிழமை நானும்… இவர் வீட்டில ஒரு கோப்பை கழுவிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் கேட்டிட்டினம். இப்ப கழுவிறார்தான், ஒண்டிலயும் ஊத்தை போகேல்லை, நான்தான் திரும்பவும்…

என்ன, எழும்பிட்டியள்? மெட்ரோ வரைக்கும் இந்த பஸ்ஸிலதான் வாறன் எண்டெல்லே சொன்னனீங்கள்?