சகலை ஏறாத மேடு

ஹலோ... ஹலோ, சகலையா? நான்தான்... ஆமா, உன் பெரிய சகலைதான். பேசலாமா? ... என்ன ஒரே இரைச்சல்... மோட்டார் ரூம்லயா? மொட்டைமாடிக்கும் மேலயா? ம்... லிஃப்ட் மெக்கானிக்குக்கு உசரத்துக்கு என்ன பஞ்சம்...

இல்லல்ல, சண்டைக்கு இல்ல... சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. நீ? ... சரி, நேரா விஷயத்துக்கு வரேன். அந்த மலை ஓட்டப் போட்டி இருக்குல்ல. நம்ம ஓட்டக் குழுவுலேர்ந்து ஒரே ஒரு ஆளு. இந்த மாசம் யாரு அதிக உசரம் ஏறி ஓடினாங்களோ அவங்கதான். குழுவை நடத்துற மருந்துக்கடைக்காரர் இன்னிக்கு மத்தியானம் வாட்ஸ்அப் குரூப்புல பேரைப் போடுறாரு... தெரியுமா? தெரியாம இருக்குமா உனக்கு. உன் கணக்கு எவ்வளவு? ... அட சொல்லேன்யா, ஊரே சொல்லுது, உன் வாயால கேக்குறேன்... ரெண்டாயிரத்து நானூறு மீட்டர். என்னுது என்ன தெரியுமா? எண்ணூத்திப் பத்து. ரெண்டாவது இடம்.

இரு, நான் முடிச்சுடுறேன்... குறுக்க பேசாதே. காலையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிளம்புறோம். தண்ணித்தொட்டி மேட்டுல ஒண்ணாத்தான் ஏறுறோம். அப்புறம் நான் வீட்டைப் பார்க்கத் திரும்புறேன், நீ அப்படியே வேலைக்கு ஓடுற. வேற மேடு உண்டா இந்த ஊர்ல? ... இல்லல்ல? வாட்சும் ஒரே வாட்ச். மாமா ரெண்டு மாப்பிள்ளைக்கும் ஒரே கடையில, ஒரே நாள்ல வாங்கிக் குடுத்தது. என்ன, உனக்குக் கறுப்பு, எனக்கு நீலம். கறுப்பையும் நீதான் முந்திக்கிட்டு எடுத்தே... சரி, சரி, விடு. அதுக்காகக் கூப்பிடல.

நீ என் மச்சினியைக் கட்டின நாள்லேர்ந்து இதே கதைதான்யா. ஞாயித்துக்கிழமை பார்த்தேல்ல? அத்தை உன் தட்டுல மட்டும் இன்னொரு கரண்டி வைக்கிறாங்க, "மேடு ஏறி ஏறி மாப்பிள்ளை இளைச்சுட்டாரு"ன்னு. நான் என்ன, குண்டுச்சட்டியில குதிரை ஓட்டிட்டா வந்தேன்? மாமா உன் வாட்ச் கணக்கை எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுறாரு. முடிச்சுட்டு என் மணிக்கட்டைப் பார்த்தாரு. பார்த்துட்டுத் தண்ணி குடிச்சாரு. எம் பொண்டாட்டி தலையைக் குனிஞ்சுக்கிட்டா... எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆமாய்யா, பொறாமைதான். மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது.

சரி, கேளு. நான் யாரு? ... தொழில்ல சொல்றேன்... சர்வேயர். மேடு பள்ளம் அளந்துதான் எனக்குச் சோறு. நான் வாட்சை நம்புவேனா? செவ்வாக்கிழமை விடிகாலையில லெவல் கருவி, முக்காலி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத் தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போயிட்டேன்... நெசமாத்தான். சிரிக்காதே. எம் பொண்டாட்டிதான் அளவுக் கம்பு புடிச்சா. நாலு மீட்டர்க் கம்பு. பதிமூணு தடவை முக்காலியைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டேன். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒம்போது மில்லிமீட்டர். மில்லிமீட்டர்யா! அந்த மேட்டோட உசரம் முப்பத்தெட்டு மீட்டர். உன் வாட்ச் எவ்வளவு காட்டுது? ... எண்பது. தினம் எண்பது.

ம்ம்? ... என்னுதா? என்னுதை ஏன் இப்ப கேக்குற... இருபத்தேழு. ஆமா, அதுவும் தப்புத்தான். ஆனா என்னுது குறைச்சுத்தானே காட்டுது! ... என்ன ஓட்டை? ... பக்கவாட்டுலயா... ஓ, காத்தழுத்தம் பாக்குற ஓட்டையா. அதுல தூசி அடைச்சா உசரம் சரியா வராதா... வேலை நடக்குற இடத்துல சிமெண்ட் தூசிதான்யா, என்ன பண்றது... ம்... வெதுவெதுப்பான தண்ணியில அலசணும்... ம்... ஊசியால குத்தக் கூடாதா? ... குத்திட்டேன்யா. நேத்தே குத்திட்டேன். சரி, அதை விடு! பேச்சை மாத்தாதே!

எண்பதுல முப்பத்தெட்டு போனா நாப்பத்திரண்டு. நாப்பத்திரண்டு மீட்டர் எங்கேர்ந்து வந்துச்சு? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீ வேலை செய்யுற கட்டடம் எத்தனை மாடி? ... பதினாலு. மாடிக்கு மூணு மீட்டர். பதினாலு மூணு எவ்வளவு? ... அதேதான்! ஓடி முடிச்சுட்டு வாட்சை நிறுத்தாம லிஃப்ட்டுல ஏறிப் போயிருக்க. அது காத்தைப் பார்த்துக் கணக்கு போடுற சாமான், காலைப் பார்த்து இல்ல. நீ ஏறாத மேட்டையெல்லாம் உன் பேர்ல எழுதிக்கிச்சு. இப்ப நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. மருந்துக்கடைக்காரர்கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?

...

என்னது? ... தெரியுமா? ... எப்பலேர்ந்து? ... ம்... ம்... நீயேவா பார்த்தே? வாட்ச்ல உசரக் கோடு கடைசியில செங்குத்தா நிக்குதுன்னு... சரி... சொல்லி, உன் பேரையே எடுக்கச் சொல்லிட்டியா? யார்கிட்ட? ... என்னிக்கு? ... திங்கக்கிழமையா!

இரு... இரு... நான் அளந்தது செவ்வாக்கிழமை.

என்ன? குரூப்பைப் பாக்கவா? ... பேரு வந்துடுச்சா? இரு, வைக்காதே, பார்த்துட்டுப் பேசுறேன்...

...ஹலோ... ம்... பார்த்தேன். "மலை ஓட்டத்துக்கு நம்ம சர்வேயர் போறார்"னு போட்டிருக்காரு. முப்பத்தொரு பேரு கைதட்டியிருக்காங்க. முதல் கைதட்டு நீ.

என்னய்யா நீ... நான் உன்னைப் புடிக்கணும்னு நாலு நாளா தூக்கமில்லாம திரியுறேன், நீ முன்னாடியே போய் ஒத்துக்கிட்டு உக்காந்திருக்க. நல்லவன்ங்கிற பேரும் உனக்கேவா? அதையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா? ... வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லு. ஏன் எங்கிட்ட சொல்லல? தினம் காலையில பக்கத்துல ஓடுறியே, வாயில என்ன கொழுக்கட்டையா? ... சொல்ல வேணாம்னு... யாரு சொன்னது? உன் வீட்டுக்காரியா? ... இல்லையா? அப்ப யாரு? ...

எம் பொண்டாட்டியா?

எங்க பார்த்தே அவளை? ... அத்தை வீட்டுலயா... ஆமா, திங்கக்கிழமை அவ அங்கதான் போயிருந்தா. அப்ப திங்கக்கிழமையே அவளுக்குத் தெரியுமா? நான் அளக்கப் போறேன்னு ஞாயித்துக்கிழமையே அவகிட்ட சொல்லிட்டேனே! செவ்வாக்கிழமை இருட்டோட எழுப்பினேன். ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்தா. ரெண்டரை மணி நேரம்யா, பனியில... கம்பு சாயுது, நேராப் புடி, கண்ணு தெரியலையான்னு கத்தினேன் அவளை. ஒரு வார்த்தை சொல்லலையே...

என்ன சொன்னா உன்கிட்ட? ... இல்ல, அப்படியே சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு... ம்... "விட்டுக்குடுத்ததுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் போக மாட்டாரு"... ம்... "அவரே அளந்து ஜெயிச்சதா நெனச்சுக்கட்டும்"... அப்புறம்? ... இன்னும் என்னமோ முழுங்குற. சொல்லிடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்... "இந்த ஒண்ணாவது அவருக்குக் கிடைக்கட்டும்"...

இந்த ஒண்ணாவதுன்னா சொன்னா?

...இருக்கேன். லைன்லதான் இருக்கேன்... இல்லய்யா, கோபமில்ல. உன்மேல என்ன கோபம்... பதினெட்டு வருஷம் கூட இருக்கா. எனக்கு எது கிடைச்சுது, எது கிடைக்கலன்னு அவ எண்ணிக்கிட்டு இருப்பான்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு நாள் வாயைத் திறந்து சொன்னதில்ல. உன்கிட்ட சொல்லியிருக்கா. நின்ன நிலையில, உன்கிட்ட... உன் ரெண்டாயிரத்து நானூறும் வேணாம், போட்டியும் வேணாம், நீயே போய்க்கோ. எனக்கு இப்ப இதுதான்யா எரியுது. அதை நீ கேட்டிருக்க, நான் கேக்கல.

...என்ன? வேலை வந்துடுச்சா? ... லிஃப்ட்டுலயா இறங்குற? ஏறாதே, ஏறாதே, உள்ள போனா லைன் போயிடும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், அதை மட்டும் சொல்லிட்டுப் போ... அவ அதைச் சொன்னப்போ... எப்படிச் சொன்னா? சிரிச்சுக்கிட்டா, இல்ல... அவ முகம் எப்படிய்யா இருந்துச்சு? ... ஆங்? கேக்கல... சகலை? ... சத்தமா சொல்லு... ஹலோ... ஹலோ...