விண்ணப்பத்தில் இல்லாத கட்டம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நான் நின்ற இடத்துக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மகளின் எல்.கே.ஜி. விண்ணப்பத்தை அவன் மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தான்.

“தாய்ப்பால் எத்தனை மாதம்னு கேட்டிருக்காங்க. பன்னெண்டுன்னு போட்டுடறேன்.”

“நாப்பது நாள்தாங்க குடுத்தேன். எதுக்குப் பொய்?”

“தாய்ப்பால் குடிச்சாத்தான் மூளை வளரும்னு நெனைப்பாங்கடி. மக்குன்னு ஒதுக்கிட்டா?”

“பால் கட்டிக்கிட்டு ஜுரத்துல கெடந்தேனே, அதுக்குக் கட்டம் இருக்கா? பேனாவக் குடுங்க!”

பிடுங்கி, கீழே தானே ஒரு கட்டம் வரைந்தாள். ‘அப்பா கழுவிய பால் பாட்டில் எத்தனை?’

“இத நீங்களே நிரப்புங்க. இதுலயாவது பொய் வேணாம்.”

அம்மா மண்டபம் ஸ்டாப்பில் அவர்கள் இறங்கும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.